வீட்டில் ஒருவருக்குச் சளி பிடித்தால்: அடுத்தவருக்குப் பரவாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

பள்ளிக்குப் போகும் பிள்ளை மூக்கை உறிஞ்ச ஆரம்பித்த சில நாட்களில் அம்மாவுக்குத் தும்மல், பிறகு தாத்தாவுக்கு இருமல். "மழையில நனைஞ்சதுதான் காரணம்" என்று பிள்ளையைத் திட்டிவிட்டு விட்டுவிடுகிறோம். அது எப்படிப் பரவுகிறது என்று தெரிந்தால் தாத்தாவையாவது காப்பாற்றலாம்.

படி 1: காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

சளியைக் கொண்டுவருவது வைரஸ். அதற்குக் காரணமான வைரஸ்கள் 200-க்கும் மேல். அதிகம் தாக்குவது ரைனோவைரஸ், அதில் மட்டுமே 160-க்கும் மேற்பட்ட வகைகள். ஒரு வகைக்கு உடம்பு பழகினாலும் இன்னொரு வகை வந்து பிடித்துக்கொள்ளும். அதனால்தான் பெரியவர்களுக்கே ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை சளி வருகிறது.

அப்படியென்றால் மழை? இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் 1946-இல் சளியை ஆராய்வதற்கென்றே ஒரு நிலையம் தொடங்கினார்கள். அங்கே தன்னார்வலர்கள் குளித்துவிட்டு, துவட்டாமல், காற்று வீசும் நடைபாதையில் நின்று பார்த்தார்கள். அதனால் சளி கூடுதலாக வரவில்லை. மூக்கின் உட்புறம் குளிர்ந்திருக்கும்போது, ஏறத்தாழ 33 டிகிரி செல்சியஸில், ரைனோவைரஸ் நன்றாகப் பெருகும் என்பது உண்மை. ஆனால் அந்த வைரஸ் இன்னொரு மனிதரிடமிருந்துதான் வந்தாக வேண்டும். மழைக்காலத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு எல்லோரும் ஒரே அறையில் உட்காருகிறோமே, கவனிக்க வேண்டியது அதைத்தான்.

படி 2: பரவும் வழிகளைப் பிரித்துப் பாருங்கள்

முதல் வழி கை. சளி பிடித்தவர் மூக்கைத் துடைத்த கையால் கதவுப் பிடியையோ ரிமோட்டையோ தொடுகிறார். அதைத் தொட்ட நீங்கள் கண்ணைக் கசக்குகிறீர்கள். கண்ணுக்குள் போன வைரஸ் கண்ணீர்ப் பாதை வழியாக மூக்குக்கு இறங்கிவிடும். ஆகவே, வாயை மட்டும் பொத்திக்கொண்டால் போதாது.

இரண்டாவது வழி காற்று. அமெரிக்காவின் விஸ்கான்சினில் 1980-களில் ஓர் அருமையான சோதனை நடந்தது. சளி பிடித்தவர்களையும் மற்றவர்களையும் ஒரே மேசையில் மணிக்கணக்காகச் சீட்டாட வைத்தார்கள். சிலருக்கு முகத்தைத் தொடவே முடியாதபடி கையில் பட்டை கட்டிவிட்டார்கள். அவர்களுக்கும் சளி ஒட்டியது. சளி பிடித்தவர்கள் தொட்டுத் தொட்டு அழுக்கான அதே சீட்டுகளை வேறு அறையில் மற்றவர்களிடம் கொடுத்து ஆடச் சொன்னபோது யாருக்கும் சளி வரவில்லை. கையால் தொற்றும் என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு. ஆகவே இரண்டு வழிகளையும் அடைக்க வேண்டும் என்பதே என் கருத்து. கை கழுவுவதைப் பற்றியே பேசிக் காற்றை மறந்துவிடுகிறோம் என்பது என் கவலை.

படி 3: நாட்களைக் கணக்கு வையுங்கள்

வைரஸ் நுழைந்த ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் தொண்டை கரகரக்கும். தொடங்கிய முதல் இரண்டு மூன்று நாட்களில்தான் அதிகம் பரவும். தனிப் படுக்கையும் கூடுதல் கவனமும் தேவைப்படுவது அப்போதுதான்.

படி 4: இவற்றைச் செய்யுங்கள்

எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து காற்றோட்டம் ஏற்படுத்துங்கள். மூக்கைத் துடைத்ததும் சோப்புப் போட்டு 20 விநாடி கழுவுங்கள்.  துண்டும் டம்ளரும் தனித்தனியாக இருக்கட்டும். பிள்ளையின் மூக்கை முந்தானையால் துடைத்துவிட்டு, அதே முந்தானையால் நம் முகத்தையும் துடைக்கும் பழக்கத்தை விட வேண்டும். இருமல் வந்தால் முழங்கை மடிப்புக்குள் இருமுங்கள். தாத்தா பாட்டியைக் கவனிப்பவருக்கே சளி என்றால் முகக்கவசம் அவசியம்.

படி 5: மருந்து விஷயத்தில் நிதானம்

ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியது என்பதற்காக மட்டும் மெடிக்கலில் கேட்டு வாங்கி விழுங்காதீர்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. கொதிக்கும் பாத்திரத்தில் பிள்ளைகளுக்கு ஆவி பிடிக்க வைப்பதையும் தவிருங்கள், தண்ணீர் கவிழ்ந்து வெந்துவிடும் ஆபத்து இருக்கிறது.

பெரும்பாலும் 7 முதல் 10 நாட்களில் சரியாகிவிடும், இருமல் மட்டும் இன்னும் சில நாள் இழுக்கலாம். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, குறைந்தபின் திரும்பி வரும் காய்ச்சல், குழந்தை பால் குடிக்க மறுப்பது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் பத்து நாள் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் போங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலே உடனே போக வேண்டும்.