டிக்கெட் மட்டும் போதாது: உலக டூர் கச்சேரிக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

பாப் பாடகி துவா லிபாவின் 'ராடிகல் ஆப்டிமிசம்' ஆல்பம் 2024 மே 3 அன்று வெளிவந்தது. அதற்கான டூரின் ஆசியச் சுற்று அந்த ஆண்டு நவம்பர் 5-ல் சிங்கப்பூரில் தொடங்கியது. மணிலா, டோக்கியோ, தைபே, கோலாலம்பூர், பாங்காக் என்று ஊர் ஊராகப் போய் நவம்பர் 30-ல் மும்பைக்கு வந்தது. பட்டியலில் இருந்தும் நடக்காமல் போன ஊர் ஒன்று உண்டு: நவம்பர் 9, ஜகார்த்தா. மேடை அமைப்பு பாதுகாப்பாக இல்லை என்று கடைசி நேரத்தில் கச்சேரியை ரத்து செய்துவிட்டார்கள். இப்படி நடந்தால் டிக்கெட் காசு திரும்பி வரும். வெளியூரிலிருந்து போனவர்களின் விமானக் காசும் ஹோட்டல் காசும் போனது போனதுதான்.

சினிமாவுக்கு டிக்கெட் போடுகிற பழக்கத்திலேயே இதையும் அணுகுவதால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன. படம் நாளைக்கும் ஓடும், பக்கத்துத் தியேட்டரிலும் ஓடும். டூர் கச்சேரி ஓர் ஊரில் ஒரு ராத்திரி, மிஞ்சினால் இரண்டு. அதற்குப் பின்னால் பாடகர், உள்ளூர் ஏற்பாட்டாளர், டிக்கெட் விற்பவர், அரங்கம் என நாலு தரப்பு இருக்கிறது. ஒவ்வொருவரின் பொறுப்பும் எங்கே முடிகிறது என்று தெரியாமல் பணத்தைக் கட்டினால், நஷ்டம் வரும்போது அதைத் தாங்குகிற ஐந்தாவது தரப்பு நாம்தான்.

விற்பனை நாளில்

பொது விற்பனை தேதியைக் காலண்டரில் குறித்துவிட்டுக் காத்திருப்பதுதான் முதல் தவறு. அதற்கு முன்பே இரண்டு மூன்று ப்ரீசேல் நடந்து முடிந்திருக்கும். பாடகரின் மெயில் பட்டியலில் இருப்பவர்களுக்கு ஒன்று, ஸ்பான்சர் வங்கியின் கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று, ஏற்பாட்டாளரின் உறுப்பினர்களுக்கு ஒன்று என்று இருக்கும். புது ஆல்பத்தை முன்பதிவு செய்தவர்களுக்குத் தனி கோட் தருவதும் உண்டு. கவனிக்க வேண்டியது, பதிவு முடியும் நேரம். ப்ரீசேல் தொடங்குவதற்கு ஓரிரு நாள் முன்பே அதை மூடிவிடுவார்கள். டூர் அறிவிப்பு வந்த அன்றே பதிவு செய்வதுதான் பாதுகாப்பு.

அடுத்தது நேரக் கணக்கு. அறிவிப்பில் உள்ள மணி அந்தந்த ஊரின் மணி. சிங்கப்பூரில் காலை 10 என்றால் நமக்குக் காலை 7:30. லண்டனில் காலை 10 என்றால் குளிர்காலத்தில் நமக்குப் பிற்பகல் 3:30, கோடையில் 2:30. ஐரோப்பாவில் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை மாற்றுவார்கள். அந்த வாரங்களில் ஒரு மணி நேரம் தாமதமாக வந்து ஏமாறுகிறவர்கள் ஒவ்வொரு டூரிலும் இருக்கிறார்கள்.

பெரிய விற்பனைத் தளங்களில் காத்திருப்பு அறை என்று ஒன்று இருக்கும். விற்பனைக்கு முன்பே அதற்குள் இருப்பவர்கள் எல்லோருக்கும் பெரும்பாலும் குலுக்கல் முறையில்தான் வரிசை எண் விழும். ஆகவே மூன்று மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்தால் கூடுதல் பலன் இல்லை. ஆனால் தொடங்கிய பிறகு ஒரு நிமிடம் தாமதமாக வந்தாலும் கடைசியில்தான் இடம். இருபது நிமிடம் முன்பே உள்ளே இருந்தால் போதும். ஒரே கணக்கில் நாலைந்து டேப் திறந்து வைப்பதும், இருக்கும் இடத்தை மறைக்கும் வி.பி.என். போடுவதும், பொறுமை இழந்து ரிஃப்ரெஷ் அடிப்பதும் ரோபோ என்று சந்தேகப்பட்டு வெளியேற்றப்படுவதற்கான வழிகள். நண்பர்கள் ஆளுக்கொரு கணக்கில், ஆளுக்கொரு போனில் முயல்வதுதான் சரி. அப்படியும் கிடைக்காமல் போகலாம். 2024 செப்டம்பர் 22 அன்று கோல்ட்ப்ளே இசைக்குழுவின் மும்பைக் கச்சேரிக்கு விற்பனை திறந்தபோது 1.3 கோடிப் பேர் உள்ளே வந்ததாக விற்ற தளமே சொன்னது.

வரிசையெல்லாம் தாண்டி வந்து கார்டில் வழுக்கி விழுகிறவர்கள்தான் பரிதாபம். இந்தியாவில் புதிதாகத் தருகிற கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியேதான் வரும். ரிசர்வ் வங்கி 2020-ல் கொண்டுவந்த விதி அது. வங்கி ஆப்பில் போய் நாமேதான் திறந்துவிட வேண்டும், வரம்பையும் உயர்த்த வேண்டும். நாலு டிக்கெட் ஒரு லட்சத்தைத் தொடும்போது வரம்பு ஐம்பதாயிரத்தில் நின்றால், பணம் மறுக்கப்பட்டு, பிடித்து வைத்த இருக்கை சில நிமிடங்களில் வேறொருவர் கைக்குப் போய்விடும். விற்பனைக்கு முந்தைய நாள் அதே தளத்தில் கணக்குத் தொடங்கி, முகவரி, போன் எண், கார்டு மூன்றையும் ஏற்றி வையுங்கள். ரூபாயில் கட்டுகிறீர்களா என்று தளம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் வங்கி எடுத்துக்கொள்ளும் 2 முதல் 3.5 சதவீதத்தைவிட மோசமாக இருக்கும்.

பதற்றத்தில் வாங்குவது

முதல் நாளே விற்றுத் தீர்ந்தது என்று செய்தி வந்ததும் மறுவிற்பனைத் தளத்துக்கு ஓடுவது விலை உயர்ந்த தவறு. கோல்ட்ப்ளே மும்பைக் கச்சேரியின் அசல் விலை 2,500 ரூபாயிலிருந்து 35,000 வரை. சில மணி நேரத்தில் அதே டிக்கெட்டுகள் லட்சக்கணக்கில் ஏறின. தியேட்டர் வாசலில் பிளாக்கில் விற்கிறவராவது கையில் டிக்கெட் வைத்திருப்பார். மறுவிற்பனைத் தளங்களில் கையில் இல்லாத டிக்கெட்டையும் விலை போட்டு வைக்கிறார்கள். உங்கள் பணம் வந்த பிறகுதான் தேடவே தொடங்குவார்கள், கிடைக்காவிட்டால் கச்சேரி நாளன்று மன்னிப்பு மெயில் வரும். கூகுளில் தேடினால் மேலே விளம்பரமாக வருவது அதிகாரபூர்வ விற்பனைத் தளம்தானா என்று பாடகரின் சொந்த இணையதளத்திலிருந்து சொடுக்கிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பதறத் தேவையில்லாததற்கு இன்னொரு காரணம் உண்டு. வெளியே அவ்வளவாகத் தெரியாத விஷயம் இது. மேடை, கேமரா, ஒலிக் கலவை மேசை ஆகியவை எங்கே வரும், எந்த இருக்கையை மறைக்கும் என்று துல்லியமாகத் தெரியாததால், டிக்கெட் விற்கும்போது கணிசமான இருக்கைகளை நிறுத்தி வைப்பார்கள். அரங்கத்தில் மேடை எழும்பிய பிறகு, அதாவது கச்சேரிக்கு ஓரிரு நாள் முன்போ அன்று காலையிலோ, மறைக்கப்படாத இருக்கைகளை அசல் விலைக்கே விற்பனைக்கு விடுவார்கள். உள்ளூரில் இருப்பவருக்கு இது நல்ல வாய்ப்பு. விமானம் ஏறிப் போக வேண்டியவர் இதை நம்பிப் பயணம் போடக் கூடாது.

டூர்கள் சுற்றுச் சுற்றாக அறிவிக்கப்படுகின்றன என்பதையும் மறக்க வேண்டாம். எட் ஷீரன், '+ - = ÷ x' என்று கணக்குக் குறிகளையே பெயராக வைத்த தன் டூரில் 2024 மார்ச் 16-ல் மும்பையில் பாடினார். சென்னையிலிருந்து பலர் விமானம் ஏறினார்கள். அதே டூர் 2025 பிப்ரவரி 5-ல் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்கே வந்தது, ஏ.ஆர். ரஹ்மானும் மேடையேறினார். முதல் சுற்றில் நம் ஊர் இல்லை என்பதால் வரவே வராது என்று முடிவு கட்ட வேண்டாம்.

எந்த இருக்கை

தரையில் நாற்காலி போட்ட இடம்தான் உயர்ந்தது என்று நினைத்து அதிகக் காசு கொடுப்பார்கள். தரை சமதளம். முன்னால் இருப்பவர் எழுந்துவிட்டால் ஐந்தடி உயரக்காரருக்குக் கடைசி வரை தெரியப்போவது தூக்கிப் பிடித்த போன்கள்தான். அதே விலையிலோ அதைவிடக் குறைவாகவோ கிடைக்கும் பக்கவாட்டு முதல் அடுக்கின் பத்தாவது வரிசை பல நேரங்களில் மேல். வரைபடத்தில் மேடை எவ்வளவு தூரம் முன்னால் நீள்கிறது என்று பாருங்கள். நடுவே நடைமேடை இருந்தால் அதன் நுனிக்கு எதிரே உள்ள பக்க இருக்கைகளுக்கு யோகம்.

காதுக்கு வேறு கணக்கு. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து நூறு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் பெரிய திரையில் உதடு அசைவதற்கும் பாட்டு காதில் விழுவதற்கும் சுமார் 0.3 நொடி இடைவெளி இருக்கும். நடுவில் நிறுத்தும் துணை ஸ்பீக்கர் கோபுரங்கள் தூரத்தில் ஒலியைத் தெளிவாக்கும், கோபுரத்துக்கு நேர் பின்னால் அமர்ந்தால் மேடையை மறைக்கவும் செய்யும். ஒலி சிறப்பாக இருப்பது கலவை மேசையை ஒட்டிய பகுதியில். பொறியாளர் தன் காதில் கேட்டுத்தானே சரிசெய்கிறார்!

'பிளாட்டினம்' என்ற பெயரில் விற்பதில் பெரும்பாலும் கூடுதலாக எதுவும் கிடைக்காது. தேவையைப் பார்த்து விலை ஏற்றிய சாதாரண இருக்கைதான். வி.ஐ.பி. தொகுப்பு என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். முன்னதாக நுழைவதும் ஒரு துணிப்பையும்தான் பலவற்றில் இருக்கும். பாடகரைச் சந்திக்கலாம் என்று எழுதியிருந்தால் ஒழிய சந்திப்பு கிடையாது.

போஸ்டரில் உள்ள ஊர்

போஸ்டரில் உள்ள ஊர்ப் பெயரை நம்பி ஹோட்டல் போடுவது பலருக்கும் நேர்கிற தவறு. துவா லிபாவின் 'மணிலா' கச்சேரி நடந்த பிலிப்பைன் அரினா, மணிலாவுக்கு வெளியே புலக்கான் மாகாணத்தில் இருக்கிறது. 'டோக்கியோ' கச்சேரி நடந்தது சைத்தாமாவில். பாரிஸ் என்று போட்ட லா டிஃபென்ஸ் அரினா இருப்பது நான்தேரில். நியூயார்க் என்று சொல்லப்படும் மெட்லைஃப் ஸ்டேடியம் நியூ ஜெர்சி மாநிலத்தைச் சேர்ந்தது. மும்பையின் டி.ஒய். பாட்டீல் ஸ்டேடியம் நவி மும்பை நேருலில். அந்தேரியில் அறை எடுத்துவிட்டு நள்ளிரவில் நேருலிலிருந்து டாக்ஸி தேடிப் பாருங்கள், புரியும். அரங்கத்தின் பெயரை மேப்பில் போட்டு, இரவு 11 மணிக்குப் பிறகு ரயில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அறை எடுக்க வேண்டும்.

விசாவை டிக்கெட்டுக்குப் பிறகு யோசிப்பதும் வழக்கம். ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். முடிவுக்கு வழக்கமாக 15 நாள், சில நேரம் 45 நாள் வரை ஆகும். கோடையில் விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதே பெரும்பாடு. கச்சேரி டிக்கெட் இருப்பதால் விசாவை விரைவாகத் தர மாட்டார்கள், மறுத்தால் டிக்கெட் காசும் திரும்பாது. சிங்கப்பூர் பக்கம்தானே என்று அசட்டையாக இருக்க வேண்டாம், இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அங்கேயும் விசா வேண்டும்.

ரத்தானால்

2024 ஆகஸ்டில் வியன்னாவில் நடக்கவிருந்த டெய்லர் ஸ்விஃப்டின் மூன்று கச்சேரிகளும் தாக்குதல் சதி வெளிப்பட்டதால் முந்தைய நாள் ரத்தாயின. 2025 செப்டம்பர் 3 அன்று லேடி காகா தன் 'மேஹெம்' டூரின் மயாமிக் கச்சேரியைத் தொண்டை பாதிப்பால் தொடங்குவதற்குச் சற்று முன் நிறுத்தினார். எத்தனை பெரிய பெயரானாலும் இது நடக்கும். ஆகவே இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறை, தேதி மாற்றக்கூடிய விமான டிக்கெட், முந்தைய நாளே போய்ச் சேர்வது என்ற மூன்றிலும் கஞ்சத்தனம் கூடாது. சாதாரணப் பயணக் காப்பீடு உங்கள் உடல்நிலை, விமான தாமதம் போன்றவற்றுக்குத்தான். கச்சேரி ரத்தானதற்கு அது பெரும்பாலும் எதுவும் தராது.

'ஒத்திவைப்பு' என்று அறிவித்தால் கணக்கு வேறு. பழைய டிக்கெட் புதுத் தேதிக்குச் செல்லும். வர முடியாதவர் பணம் கேட்பதற்குக் குறிப்பிட்ட நாட்கள்தான் தருவார்கள். அந்த மெயிலைத் திறக்காமல் விட்டவர்கள் பணத்தையும் விட்டவர்கள்.

அரங்கத்தில்

டிக்கெட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு போகிறவர்கள் வாசலில் மாட்டிக்கொள்வார்கள். இப்போதைய ஆப் டிக்கெட்டுகள் பலவற்றில் பார்கோடு சில நொடிகளுக்கு ஒருமுறை மாறும். ஐம்பதாயிரம் பேர் கூடும் இடத்தில் நெட்டும் படுத்துவிடும், அதனால் ஹோட்டலிலேயே போனின் வாலட்டில் சேர்த்துவிடுங்கள். வெளிநாட்டு சிம் போடும்போது நம் ஊர் சிம்மைக் கழற்றிப் பெட்டியில் வைக்காதீர்கள், ஓடிபி அதற்குத்தான் வரும். பை விஷயத்தில் வெம்ப்ளியில் ஏ4 தாளைவிடப் பெரியது கூடாது. அமெரிக்கக் கால்பந்து ஸ்டேடியங்களில் 12-க்கு 6-க்கு 12 அங்குலத்துக்கு மேல் போகாத, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பையும் கையளவுச் சிறு பர்ஸும்தான்.

நிற்கும் பகுதிக்கு விடியற்காலையிலேயே வரிசையில் நிற்கிறவர்கள் தண்ணீரைத்தான் மறக்கிறார்கள். கழிவறைக்குப் போனால் இடம் போய்விடும் என்று குடிக்காமலே இருப்பதும் உண்டு. 2023 நவம்பரில் ரியோவில் கடும் வெப்பத்துக்கிடையே நடந்த டெய்லர் ஸ்விஃப்ட் கச்சேரியில் ஓர் இளம் ரசிகை உயிரிழந்தார், மறுநாள் கச்சேரி தள்ளிவைக்கப்பட்டது. முன்வரிசை அந்த விலைக்குத் தகாது. கூட்டம் நெருக்கினால் கைகளை மார்புக்கு முன்னால் மடக்கி மூச்சுக்கு இடம் வைத்துக்கொள்ளுங்கள். நெரிசலை எதிர்த்துத் தள்ளாமல், அலை ஓயும் நேரத்தில் குறுக்குவாட்டில் ஓரமாக நகருங்கள். விழுந்த போனை எடுக்கக் குனியவே கூடாது.

காதடைப்பான் வயதானவர்களுக்கு என்று நினைப்பதும் தவறு. நிகழ்ச்சி அரங்குகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வைத்த உச்ச சராசரி 100 டெசிபல். ஸ்பீக்கர் பக்கத்தில் அதையும் தாண்டும். பஞ்சு வகை உயர்ந்த சுரங்களை விழுங்கிவிடும். இசைக்கென்றே விற்கும், 15 முதல் 20 டெசிபல் குறைக்கும் வடிகட்டி வகை வாங்கினால் குரல் தெளிவாகவே கேட்கும். குழந்தைகளுக்கு முழுக் காதையும் மூடும் மஃப் வேண்டும்.

டூர் டி-ஷர்ட்டை உள்ளே போகும்போதே வாங்கிவிடுங்கள். முடிந்த பிறகு உங்கள் அளவு இருக்காது, வரிசை கடைசி ரயிலைத் தின்றுவிடும். கடைசிப் பாட்டு முடிந்ததும் எல்லோரும் ஒரே ஸ்டேஷனுக்குத்தான் ஓடுவார்கள். கடைசி ரயிலுக்கு நேரம் இருக்கிறதென்றால் அரை மணி நேரம் இருக்கையிலேயே உட்கார்ந்திருக்கலாம். இல்லையென்றால் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் அடுத்த ஸ்டேஷன் வரை நடந்துவிடலாம். டாக்ஸி வேண்டுமென்றால் அரங்க வாசலில் நின்று புக் செய்யாமல், ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய் புக் செய்யுங்கள். கட்டணமும் குறையலாம், வண்டியும் வந்து சேரும்.