அனிமே பார்த்து வளர்ந்தவர்கள் ஜப்பானியரோடு பழகுவது எப்படி

பெங்களூரில் ஒரு ஜப்பானிய நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். சனிக்கிழமைகளில் அல்சூரில் ஜப்பானிய மொழி வகுப்பும் எடுக்கிறேன். அங்கே வரும் தமிழ்ப் பிள்ளைகள் பெரும்பாலும் அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன் படங்கள், தொடர்கள்) பைத்தியங்கள். அந்த ஆசை நல்ல ஆசை. மூன்று எழுத்து முறைகளையும் உட்கார்ந்து படிக்க வைப்பது அதுதான். ஆனால் அதே வேகத்தில் ஒரு ஜப்பானியர் முன்னால் போய் நின்றால் அவருக்குத்தான் சங்கடம்.

முதல் சந்திப்பில் அனிமே பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள். பிடதி, நரசாப்பூர் பக்கம் தொழிற்சாலைகளுக்கு வரும் ஜப்பானியப் பொறியாளர்களில் நான் பார்த்த பலர் ஐம்பதை நெருங்கியவர்கள். அப்படி ஒருவரிடம் என் மாணவன் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க ஒவ்வொரு கதாபாத்திரமாகச் சொல்லிக் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். அவர் தலையைச் சற்றே சாய்த்து, பல்லிடுக்கில் மூச்சை மெல்ல உள்ளிழுத்து, “சோ தெசு நே” (“அப்படித்தான், இல்லையா”) என்று சிரித்தார். பையன் அதை உற்சாகம் என்று நினைத்துவிட்டான். அந்த மூச்சுச் சத்தம் கேட்டால் அவர் பதில் சொல்லத் தடுமாறுகிறார் என்று அர்த்தம். உடனே பேச்சை மாற்றுங்கள். சொந்த ஊர் எது, அங்கே என்ன சாப்பாடு விசேஷம், பெங்களூர் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று கேட்கலாம். அந்த மனிதருக்குத் தூண்டில் போட்டு மீன் பிடிப்பதில்தான் உயிர். ஊரைப் பற்றி நான் கேட்டதும், எந்தப் பருவத்தில் எந்த மீன் கடிக்கும் என்று கையை விரித்து அளவு காட்டிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

பேசும்போது திரையில் கேட்ட ஜப்பானியத்தை அப்படியே எடுத்து விடாதீர்கள். “ஒமாயே”, “கிசாமா” என்று மரியாதையில்லாமல் “நீ” போடுவதெல்லாம் சண்டைக் காட்சியில் சரி. அலுவலகத்தில் அடி வாங்கும் பேச்சு. உங்களைச் சொல்ல “வதாஷி” (நான்) போதும். அடுத்தவர் குடும்பப் பெயரோடு “சான்” என்ற மரியாதை விகுதியைச் சேருங்கள், உங்கள் பெயரோடு ஒருபோதும் வேண்டாம்.

நம்மவர்களுக்கென்றே ஒரு எச்சரிக்கை. தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ எழுதியதை வைத்துக்கொண்டு, “உங்கள் மொழியே எங்களிடமிருந்து வந்தது” என்று ஆரம்பிக்காதீர்கள். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. வினைச்சொல் கடைசியில் வருவதால் தமிழருக்கு ஜப்பானிய வாக்கியம் எளிதாகப் பிடிபடுகிறது என்று சொல்லுங்கள். அது உண்மை, கேட்பவருக்கும் சந்தோஷம்.

இன்னொரு பழக்கம் எனக்கு மனசு கேட்காத ஒன்று: ஜப்பானைச் சொர்க்கமாக்கி, நம் ஊரை அவர்கள் முன்னாலேயே மட்டம் தட்டுவது. அவர் அதற்கு என்ன பதில் சொல்வார், பாவம்? அங்கே வேலைப்பளு தாங்காமல் உயிரிழப்பது பெரிய பிரச்சினையாகி, 2019-ல்தான் கூடுதல் நேர வேலைக்குச் சட்டப்படி உச்சவரம்பு வந்தது. வேலைக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் இதையும் படித்துவிட்டுப் போங்கள்.

சாப்பிடும்போது குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாக நட்டு வைக்காதீர்கள். இறந்தவருக்குப் படைக்கும் சோறு அப்படித்தான் இருக்கும். ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவைக் கைமாற்றவும் கூடாது. அங்கே தகனம் முடிந்ததும் குடும்பத்தார் எலும்புகளைக் குச்சியால் எடுத்துக் கைமாற்றித்தான் கலசத்தில் இடுவார்கள். அஸ்தி எடுத்துப் பழகிய நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஜப்பானிய மரபு உடையான கிமோனோ, அல்லது அதன் மெல்லிய பருத்தி வகையான யுகாத்தா உடுத்தினால் இடது பக்கம் மேலே வரட்டும். வலது மேலே வருவது சவத்துக்கு.

ஜப்பானுக்கே போகிறவர்கள் டோக்கியோவுக்கு அருகிலுள்ள காமகுராவில், ‘ஸ்லாம் டங்க்’ என்ற கூடைப்பந்து அனிமேயின் காட்சியில் வரும் ரயில்வே கேட்டைப் பார்க்காமல் திரும்ப மாட்டார்கள். காமகுராகோகோமாயே நிலையத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே நடுரோட்டில் நின்று படம் எடுக்கும் கூட்டத்தால் உள்ளூர்க்காரர்கள் நொந்துபோயிருக்கிறார்கள். ஓரமாக நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு, அடுத்த வண்டி வருவதற்குள் நகர்ந்துவிடுங்கள்.