வியாழக்கிழமை தொடங்குங்கள்: டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூருக்கு ஏழு நாள் நிதானப் பயணம் திட்டமிடும் முறை

வட இந்தியாவின் பழைய நகரங்களை முதன்முறையாகப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு, ஒரு வாரத்துக்குள் எத்தனை ஊர்களை அடக்கலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். வரைபடத்துக்கு முன்னால் நாள்காட்டியை எடுங்கள் என்று நான் சொல்வேன். சில ஆண்டுகளுக்கு முன் அம்மாவை ஆக்ராவுக்கு அழைத்துப் போனேன். தாஜ்மகால் வெள்ளிக்கிழமைகளில் பார்வையாளர்களுக்கு மூடியிருக்கும் என்பது ஊரில் இறங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்று மாலையே ரயில் என்பதால் மறுநாள் வரை காத்திருக்கவும் வழியில்லை. யமுனையின் எதிர்க்கரையில் உள்ள மெஹ்தாப் பாக் தோட்டத்தில் நின்று, ஆற்றுக்கு அப்பால் தெரிந்த வெள்ளைக் கட்டடத்தை அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த முறை கிழமையைப் பார்த்துத் திட்டமிட்டோம். அந்தத் திட்டத்தைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுத்தல்

பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை உள்ள நான்கு வாரங்களே இந்தப் பயணத்துக்கு மிகப் பொருத்தமானவை. டிசம்பர் பிற்பகுதியிலும் ஜனவரியிலும் கங்கை, யமுனைச் சமவெளி முழுவதும் அடர்ந்த பனிமூட்டம் இறங்குவதால் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். காலையில் தாஜ்மகாலுக்குப் போனாலும் எதிரே வெண்மை மட்டுமே தெரியக்கூடும். தீபாவளியை ஒட்டிய வாரங்களில் டெல்லியின் காற்று மூச்சுத்திணறல் உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் ஏற்றதாக இருப்பதில்லை. ஏப்ரல் பிற்பகுதி முதல் ஜூன் வரை ‘லூ’ என்னும் அனல்காற்று வீசும். மார்ச்சில் போவதாக இருந்தால் ஹோலி எந்த நாளில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அன்று நண்பகல் வரை கடைகளும் வாகனங்களும் கிடைப்பது அரிது.

படி 2: கிழமையைக் கணக்கிடுதல்

திட்டத்தின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, டெல்லி செங்கோட்டைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. டெல்லியிலிருந்து ஆக்ரா செல்லும் கதிமான் எக்ஸ்பிரஸ் வெள்ளிக்கிழமை ஓடுவதில்லை. பழைய டெல்லியின் சாந்தினி சௌக்கில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். ஹஸ்ரத் நிஜாமுதீன் தர்காவில் கவ்வாலி என்னும் சூஃபி பக்திப் பாடல்களைக் கேட்க வேண்டுமென்றால் வியாழக்கிழமை மாலையே சிறந்தது. இவை அனைத்தையும் ஒரு தாளில் எழுதி, ஏழு நாள்களை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தால், வியாழக்கிழமை தொடங்கிப் புதன்கிழமை முடியும் வாரம் எந்த இடத்திலும் இடிக்காமல் பொருந்துகிறது. வியாழன், வெள்ளி, சனி டெல்லிக்கு. ஞாயிறும் திங்களும் ஆக்ராவுக்கு. செவ்வாய் ஃபதேபூர் சிக்ரி வழியாக ஜெய்ப்பூர். புதன் முழுவதும் ஜெய்ப்பூர்.

வாராணசி, அமிர்தசரஸ், லக்னோ ஆகியவற்றையும் சேர்த்துவிடலாமே என்ற ஆசை வரும். ஆசைப்படுவதற்குத் தகுதியான ஊர்கள்தாம். ஆனாலும் மூன்று ஊர்களுக்கு மேல் சேர்த்தால் வாரத்தின் பாதி ரயிலிலும் காரிலும் கழிந்துவிடும். வாராணசிக்கென்று தனியாக நான்கு நாள் ஒதுக்கி இன்னொரு முறை போவதே அந்த ஊருக்குச் செய்யும் மரியாதை என்று நினைக்கிறேன்.

படி 3: முன்பதிவுகள்

விரைவு ரயில்களுக்கான முன்பதிவு, புறப்படும் நாளைச் சேர்க்காமல் 60 நாள்களுக்கு முன் தொடங்குகிறது. இந்த மூன்று நகரங்களுக்கிடையே முன்பதிவு செய்ய வேண்டிய ரயில் ஒன்றே ஒன்றுதான். அது ஞாயிறு காலை 8.10க்கு டெல்லி ஹஸ்ரத் நிஜாமுதீன் நிலையத்திலிருந்து புறப்பட்டு 9.50க்கு ஆக்ரா கண்டோன்மென்ட் சேரும் கதிமான். புது டெல்லி நிலையத்துக்குப் போய்விடாதீர்கள்; இரண்டும் வெவ்வேறு நிலையங்கள். இணையத்தில் எடுத்த சீட்டு காத்திருப்புப் பட்டியலிலேயே நின்றுவிட்டால், இறுதிப் பட்டியல் தயாரானதும் அது தானாகவே ரத்தாகிவிடும். அதை வைத்துக்கொண்டு வண்டியில் ஏற முடியாது.

ஊரிலிருந்து டெல்லிக்குப் போய், ஜெய்ப்பூரிலிருந்தே ஊர் திரும்பும்படி டிக்கெட் எடுங்கள். திரும்பவும் டெல்லிக்கு வந்து விமானம் ஏறினால் ஒரு நாள் வீணாகும்.

தாஜ்மகால், குதுப் மினார், செங்கோட்டை, ஹுமாயூன் கல்லறை ஆகியவை இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருப்பதால் நுழைவுச்சீட்டுகளை அத்துறையின் இணையதளத்திலேயே எடுத்துவிடலாம். தாஜ்மகாலில் இந்தியர்களுக்கு நுழைவுக் கட்டணம் 50 ரூபாய். கல்லறை மண்டபத்துக்குள் செல்ல மேலும் 200 ரூபாய். 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. ஒரு சீட்டு மூன்று மணி நேரத்துக்குச் செல்லும்.

படி 4: தங்குமிடம்

டெல்லியில் லாஜ்பத் நகர் அல்லது ஜங்புரா பகுதியில் தங்குங்கள். மெட்ரோவின் ஊதா வழித்தடம் அங்கிருந்து வண்டி மாறாமல் ஜமா மஸ்ஜித், லால் கிலா (செங்கோட்டை) நிலையங்களுக்குப் போகிறது. ஞாயிறு காலை ரயில் ஏற வேண்டிய நிஜாமுதீன் நிலையமும் அருகில்தான். ஆக்ராவில் தாஜ்மகாலின் கிழக்கு வாயிலுக்கு நடந்து போகும் தூரத்தில் அறை எடுத்தால், விடியற்காலையில் வண்டி தேடும் வேலை இருக்காது. ஜெய்ப்பூரில் ‘பனி பார்க்’ (Bani Park) என்னும் பகுதி அமைதியானது.

படி 5: டெல்லியில் மூன்று நாள்

நாள் வகுப்பதற்கு ஒரே ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள்: காலையில் ஓர் இடம், மாலையில் ஓர் இடம், நடுவில் மூன்று மணி நேரம் ஓய்வு.

வியாழன் பிற்பகலில் ஹுமாயூன் கல்லறையிலிருந்து தொடங்குங்கள். எல்லோரும் தாஜ்மகாலை நினைத்துக்கொண்டே வருவதால் இந்த இடத்தை அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு. ஹுமாயூனின் மனைவி ஹாஜி பேகம் எழுப்பிய இக்கல்லறை 1570-களின் தொடக்கத்தில் நிறைவடைந்தது. நான்காக வகுத்த தோட்டத்தின் நடுவே உயர்ந்த மேடை, மேடைமேல் குவிமாடம் என்று பின்னாளில் தாஜ்மகாலில் முழுமை பெற்ற அமைப்பைச் சிவப்புக் கல்லில் இங்கேதான் முதலில் காண்கிறோம். 1857 கிளர்ச்சி தோற்றபின் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாபர் அடைக்கலம் புகுந்து பிடிபட்டதும் இங்கேதான். மாலையானதும் பக்கத்திலுள்ள நிஜாமுதீன் தர்காவுக்கு நடந்தே போகலாம். சந்து குறுகலானது, தலையை மூட ஒரு துணி கொண்டு போங்கள். 1325-இல் மறைந்த நிஜாமுதீன் அவுலியாவின் சமாதிக்கு அருகிலேயே அவருடைய சீடரும் கவிஞருமான அமீர் குஸ்ராவும் அடங்கியிருக்கிறார்.

வெள்ளி காலை குதுப் வளாகம். 72.5 மீட்டர் உயரக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், அடியிலுள்ள மசூதியின் தூண்களுக்கு அருகில் சென்று நில்லுங்கள். பழைய கோயில்களிலிருந்து எடுத்து வந்த தூண்கள் அவை. சங்கிலியில் தொங்கும் மணிகள் அவற்றில் செதுக்கப்பட்டிருப்பதை இன்றும் தெளிவாகப் பார்க்கலாம். முற்றத்தில் நிற்கும் இரும்புத் தூண் குப்தர் காலத்தது. மாலையில் லோதி தோட்டத்தில் உட்கார்ந்திருங்கள், அது போதும்.

சனி காலை பழைய டெல்லி. கடைகள் திறப்பதற்கு முன்பே போய்விட்டால், குளிர்காலத்தில் மட்டும் விற்கும் ‘தௌலத் கி சாட்’ கிடைக்கும். பாலைக் கடைந்து எடுத்த நுரைதான் அது. இலைத்தொன்னையில் எடுத்துவைத்து, மேலே பொடித்த சர்க்கரையும் பிஸ்தாவும் தூவித் தருவார்கள். நாக்கில் வைத்த நொடியில் கரைந்து, குங்குமப்பூவின் மணம் மட்டும் நிற்கும். வெயில் ஏறினால் நுரை அமுங்கிவிடும் என்பதால் காலையிலேயே விற்றுத் தீர்த்துவிடுகிறார்கள். அதன்பின் ஷாஜகான் 1639-இல் கட்டத் தொடங்கிய செங்கோட்டைக்குப் போங்கள். வியாழனன்று பார்த்த கல்லறையில் பிடிபட்ட பகதூர் ஷாவை ஆங்கிலேயர் 1858-இல் விசாரித்தது இந்தக் கோட்டைக்குள்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு நடந்தால் வெறிச்சோடிய மண்டபங்கள் வேறு மாதிரித் தெரியும். மாலையில் எங்கும் போகாமல் பெட்டியைக் கட்டிவைத்துவிட்டுச் சீக்கிரம் உறங்குங்கள்.

படி 6: ஆக்ராவை வரிசை மாற்றாமல் பார்த்தல்

ஆக்ராவில் இறங்கியதும் நேராகத் தாஜ்மகாலுக்கு ஓடாதீர்கள். ஞாயிறு பிற்பகல் 3 மணிக்கு யமுனையின் கிழக்குக் கரைக்குப் போய், முகலாய மன்னர் ஜகாங்கீரின் மனைவி நூர்ஜகான் தன் தந்தைக்காக 1622-க்கும் 1628-க்கும் இடையில் கட்டிய இதிமாத்-உத்-தௌலா கல்லறையை முதலில் பாருங்கள். சிறிய கட்டடம், கூட்டமும் குறைவு. சுவரில் முகம் படுமளவு நெருங்கிப் பார்த்தால், வெண்பளிங்கைக் குடைந்து, அந்தக் குழிக்குள் வண்ணக்கற்களை வெட்டிப் பதித்திருப்பது தெரியும். சைப்ரஸ் மரங்கள், பழங்கள், கழுத்து நீண்ட மதுக்குடுவைகள் எல்லாம் கல்லிலேயே இருக்கின்றன. பளிங்கின் மேல் விரலை ஓட்டினால் எங்கே ஒரு கல் முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாது என்று சொல்வார்கள். தொட்டுப் பார்க்காமல் கண்ணாலேயே அதை உணரலாம். அங்கிருந்து அதே கரையில் உள்ள மெஹ்தாப் பாக் சென்று, சூரியன் மறையும் வரை எதிரே தாஜ்மகாலைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

திங்கள் விடியற்காலை தாஜ்மகால். சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பே வாயில் திறந்துவிடும். சாப்பாடு, புகையிலை, தீப்பெட்டி, கேமரா முக்காலி எதற்கும் உள்ளே அனுமதியில்லை. கைப்பேசியும் தண்ணீர் பாட்டிலும் மட்டும் எடுத்துச் சென்றால் சோதனை வரிசை விரைவில் நகரும். மும்தாஜ் 1631-இல் புர்ஹான்பூரில் இறந்தார். அடுத்த ஆண்டு தொடங்கிய வேலையில் கல்லறை மண்டபம் முடியவே 1648 ஆயிற்று. பெரிய வளைவைச் சுற்றி மேலே ஏறிச் செல்லும் கருப்பு எழுத்துகளைக் கவனியுங்கள். கீழிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே அளவாகத் தெரிவதற்காக மேலே போகப்போக எழுத்தைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். முதல் நாள் ஹுமாயூன் கல்லறையையும் முந்தைய மாலை இதிமாத்-உத்-தௌலாவையும் பார்த்த கண்ணுக்கு, முதலாவதில் இருந்த தோட்டமும் மேடையும், இரண்டாவதில் இருந்த பளிங்கும் பதிகல்லும் தாஜ்மகாலில் ஒன்றாகச் சேர்ந்திருப்பது சொல்லாமலே புரியும்.

காலை உணவுக்கு ஆக்ராக்காரர்கள் உண்ணும் ‘பேடை’ என்னும் பருப்பு அடைத்த பூரியும் உருளைக்கிழங்குக் கறியும் ஜிலேபியும் சாப்பிட்டுவிட்டு மதியம் வரை உறங்குங்கள். மாலையில் ஆக்ரா கோட்டை. மகன் அவுரங்கசீப்பால் 1658-இல் சிறைவைக்கப்பட்ட ஷாஜகான், 1666-இல் இறக்கும் வரை இருந்த எண்கோண மாடத்தின் பக்கம் நின்றால், ஆற்று வளைவுக்கு அப்பால் தாஜ்மகால் தெரிகிறது. காலையில் அருகில் பார்த்ததை மாலையில் அவர் பார்த்த தொலைவிலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே கோட்டையைப் பிற்பகலுக்கு வைத்திருக்கிறேன்.

படி 7: ஃபதேபூர் சிக்ரி வழியாக ஜெய்ப்பூர்

செவ்வாய்க்குக் கார் பேசுங்கள். சுங்கக் கட்டணம், ராஜஸ்தான் எல்லை வரி, நிறுத்தக் கட்டணம், ஓட்டுநர் பேட்டா ஆகியவை பேசிய தொகையில் சேர்ந்தவையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பதிலைக் கைப்பேசியில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். ஆக்ராவிலிருந்து 37 கிலோமீட்டரில் உள்ள ஃபதேபூர் சிக்ரி, 1571 முதல் 1585 வரை அக்பரின் தலைநகராக இருந்து பின் கைவிடப்பட்டது. வண்டி நிறுத்துமிடத்திலேயே வழிகாட்டிகள் சூழ்ந்துகொள்வார்கள். தேவையென்றால் அரசு அடையாள அட்டை உள்ளவரை மட்டும் அமர்த்துங்கள். அங்கிருந்து 11 மணிக்குள் கிளம்ப முடிந்தால் மட்டும், வழியில் ஆபானேரியில் இறங்கி 3,500 படிகள் கொண்ட சாந்த் பாவ்ரி படிக்கிணற்றைப் பாருங்கள். தாமதமானால் விட்டுவிடுங்கள்.

புதன் காலை ஆமேர் கோட்டையை வெயிலுக்கு முன் முடித்துக்கொண்டு, 1727-இல் இரண்டாம் சவாய் ஜெய்சிங் அமைத்த நகருக்குள் வாருங்கள். ஹவா மகாலை எதிர்ச்சாரியிலிருந்து பார்த்தாலே போதுமானது. நேரத்தை ஜந்தர் மந்தர் என்னும் பழைய வானியல் கருவிகளின் வளாகத்துக்குக் கொடுங்கள். அங்குள்ள சாம்ராட் யந்திரம் சுமார் 27 மீட்டர் உயரமுள்ள சூரியக் கடிகாரம். அதன் வளைந்த பளிங்கு அளவுகோலில் நிழலின் விளிம்பு எங்கே விழுகிறது என்று ஒரு கோட்டைக் குறித்துக்கொண்டு ஒரு நிமிடம் பொறுத்திருங்கள். நிழல் நான்கு விரல் அகலத்துக்கு நகர்ந்திருக்கும். அது காட்டும் நேரம் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நம் கைக்கடிகாரத்தைவிட 35 முதல் 40 நிமிடம் பின்தங்கியிருக்கும்; கருவி காட்டுவது ஜெய்ப்பூரின் சொந்தச் சூரிய நேரத்தை. வித்தியாசம் ஏன் என்று உடன் வரும் பிள்ளைகள் கேட்டால், மணலில் ஒரு கோடு கிழித்து விளக்க அந்த வளாகத்தில் இடமும் உண்டு, இரவு விமானம் வரை நேரமும் உண்டு.