டபுள் மார்க்கர் ரிப்போர்ட்டில் 'ஹை ரிஸ்க்' என்று வந்தால்

கோத்தகிரியில் கர்ப்பிணிகளைப் பார்க்கும் நர்ஸ் நான். குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே அறிவு வளர்ச்சி தாமதமாகும் நிலை) இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடும் ரத்த டெஸ்ட்தான் டபுள் மார்க்கர். அதற்காக இங்கே எடுக்கும் ரத்தம் கோயம்புத்தூர் லேபுக்குப் போய், ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். டாக்டரைப் பார்க்க இரண்டு நாள் ஆகும். அதற்குள் சிவப்பு எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு வீடே சாப்பிடாமல் கிடக்கும். அந்த இரண்டு நாளுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் 1:180 என்பதுபோல ஓர் எண் இருக்கும், அதைத் தேடுங்கள். இதே கணக்கு வந்த 180 தாய்மார்களில் ஒருவருடைய குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கலாம், மற்ற 179 பேருடைய குழந்தைக்கு இருக்காது என்பதுதான் அதற்குப் பொருள். பின்னால் உள்ள எண் சிறிதாக ஆக ஆக வாய்ப்பு கூடும். 1:1500 கண்டு பயப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பல லேப்களில் 1:250-தான் கோடு; பின்னால் உள்ள எண் அதைவிடச் சிறிதாக இருந்தால் 'ஹை ரிஸ்க்' என்று போடுவார்கள். ஹை ரிஸ்க் என்றால் 'இருக்கிறது' என்றோ, லோ ரிஸ்க் என்றால் 'இல்லவே இல்லை' என்றோ ஆகாது.

அடுத்து ரிப்போர்ட்டின் தலைப்பகுதி. யாரும் படிப்பதில்லை, ஆனால் அங்கேதான் விஷயம் இருக்கிறது. உங்கள் வயது, எடை, ரத்தம் எடுத்த தேதி, ஸ்கேனில் அளந்த குழந்தையின் நீளம், ஒரு குழந்தையா இரட்டையா, சர்க்கரை நோய் உண்டா என்பதையெல்லாம் வைத்துத்தான் கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. 58 கிலோ என்பது தவறுதலாக 85 என்று பதிவாகியிருந்தால் கணக்கே மாறிவிடும். ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிடுங்கள். பிழை இருந்தால் லேபில் சொல்லித் திருத்திக் கணக்கிடச் சொல்லலாம். பெரும்பாலும் மறுபடி ரத்தம் தர வேண்டியிருக்காது.

என்.டி. அளவையும் பாருங்கள். குழந்தையின் கழுத்துக்குப் பின்னால் தோலுக்கடியில் இருக்கும் நீரின் தடிமன் அது. 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாளுக்குள் அளக்க வேண்டும். 3.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால், ரத்தக் கணக்கு எப்படி வந்தாலும் டாக்டரிடம் கட்டாயம் பேச வேண்டும்.

அப்புறம் என்ன செய்யலாம்? என்.ஐ.பி.டி. என்று இன்னொரு டெஸ்ட் உண்டு. அதற்கும் தாயின் கையில் எடுக்கும் ரத்தம்தான். டவுன் சிண்ட்ரோமை 100-க்கு 99 வரை கண்டுபிடிக்கும். ஆனால் அது பார்ப்பது நஞ்சுக்கொடியிலிருந்து வரும் டி.என்.ஏ.வை. அதனால் அதில் பாசிட்டிவ் வந்தாலும் உறுதி செய்ய, 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை எடுத்துப் பார்க்கும் ஆம்னியோ வேண்டும். ஆம்னியோவால் கரு கலையும் வாய்ப்பு 200-ல் ஒன்று அல்லது அதற்கும் குறைவு. உங்களுக்கு நெகட்டிவ் ரத்த வகை என்றால், ஆம்னியோ செய்ததும் ஆன்ட்டி-டி ஊசியை (குழந்தையின் ரத்தத்துக்கு எதிராக உங்கள் உடல் எதிர்ப்பை உண்டாக்காமல் தடுப்பது) கேட்டு வாங்குங்கள். அன்றைக்கே கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏற வேண்டாம். மேட்டுப்பாளையத்தில் சொந்தம் இருந்தால் இரவு தங்கிவிட்டு வாருங்கள்.

எந்த டெஸ்ட்டும் வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.

வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒன்று. "எங்க வம்சத்துல இப்படி இல்லையே" என்று மருமகளைப் பார்க்காதீர்கள். டவுன் சிண்ட்ரோம் பெரும்பாலும் பரம்பரையாக வருவதல்ல. செல் பிரியும்போது 21-வது குரோமோசோம் ஒன்று கூடுதலாகச் சேர்ந்துவிடுகிறது, அவ்வளவுதான். அவள் சாப்பிட்டதாலோ, தேயிலைக் கூடை சுமந்ததாலோ வந்தது இல்லை. டாக்டரிடம் போகும்போது மகனையும் கூட அனுப்புங்கள்.