சார்லி பார்க்கர் பழகிய வரிசையில் ஆல்டோ சாக்ஸஃபோன் பழகுவது எப்படி

ஜாஸ் கலைஞர் சார்லி பார்க்கர் 1920-இல் கன்சாஸ் மாநிலத்துக் கன்சாஸ் சிட்டியில் பிறந்து, ஆற்றுக்கு அக்கரையில் மிசூரி பக்கத்துக் கன்சாஸ் சிட்டியில் வளர்ந்தவர். ஆல்டோ சாக்ஸஃபோனை வாங்கிக் கொடுத்தவர் அவருடைய அம்மா ஆடி. மூன்று நான்கு ஆண்டுகள் தினமும் 11 முதல் 15 மணி நேரம் வாசித்ததாக, 1954-இல் சாக்ஸஃபோன் கலைஞர் பால் டெஸ்மண்டுக்கு அளித்த வானொலிப் பேட்டியில் பார்க்கர் சொன்னார். இந்த மணிக்கணக்கைத்தான் எல்லோரும் சொல்லிச் சொல்லி மலைக்கிறார்கள். புதிதாகப் பழகுகிறவருக்கு அதைவிடப் பயன்படுவது, எதற்குப் பிறகு எதைப் பழகினார் என்ற வரிசை.

முதலில் அவர் தோற்ற இடத்தைப் பாருங்கள். ஒரு பாட்டு முழுதாகவும் இன்னொன்றில் முதல் எட்டு பார்களும் (ஒரு பார் என்பது நான்கு எண்ணிக்கை கொண்ட தாள அளவு) தெரிந்த நிலையில், மற்ற வாத்தியக்காரர்களோடு ஜாம், அதாவது ஒத்திகையில்லாமல் சேர்ந்து வாசிப்பதற்குப் போனார். அவர்கள் வேறு பாட்டை எடுத்ததும் நிலைகுலைந்தார். பாட்டுக்குப் பாட்டு அடிச்சுரம் மாறும் வெவ்வேறு ஸ்கேல்கள் இருப்பதையே தான் யோசித்ததில்லை என்று பிறகு அவரே சொன்னார். 1936-இல் ரீனோ கிளப்பில் அவர் தடுமாறியபோது, டிரம்மர் ஜோ ஜோன்ஸ் சிம்பலைக் கழற்றி அவர் காலடியில் எறிந்தார். விரலில் வேகம் இருந்தது. ஸ்கேலும் கார்டும் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) தெரியாமல் அந்த வேகம் உதவவில்லை.

அடித்தளம் நாதம். ரீட்டை, அதாவது ஊதும் முனையான மவுத்பீஸில் கட்டும் நாணல் பட்டையை, 2 அல்லது 2½ எண்ணில் தொடங்குங்கள். மேல்பல் மவுத்பீஸின் மேல் பதிய வேண்டும். கீழுதடு கீழ்ப்பல்லின் மேல் லேசாக மடிந்திருக்க வேண்டும். மவுத்பீஸை மட்டும் தனியே ஊதினால் பியானோவின் ஏ சுரத்தை ஒட்டியோ சற்றுக் கீழேயோ ஒலி வரும். அதைவிட மேலே போனால் ரீட்டைக் கடிக்கிறீர்கள் என்று பொருள். நாதம் நசுங்கும், சுருதி ஏறும். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-இல் வைத்து, நடு ஜி-யிலிருந்து அரைச் சுரம் அரைச் சுரமாகக் கீழ் பி ஃபிளாட் (ஃபிளாட் என்றால் அரைச் சுரம் இறக்கியது) வரை இறங்குங்கள். ஒவ்வொரு சுரத்தையும் எட்டு எண்ணிக்கை நீட்டுங்கள். தினமும் 15 நிமிடம் போதும். கீழ்ச் சுரங்கள் குளறினால் தொண்டையைத் தளர்த்திப் பாருங்கள். அப்போதும் குளறினால் துளையை மூடும் ஏதோ ஒரு பேடில் காற்று கசிகிறது. பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள், உங்களையே நொந்துகொள்ள வேண்டாம்.

அடுத்தது காது. 1937 கோடையில் பார்க்கர் ஜார்ஜ் ஈ. லீயின் குழுவோடு ஓசார்க் மலைப் பகுதிக்கு வேலைக்குப் போனார். கவுன்ட் பேசியின் குழுவில் லெஸ்டர் யங் டெனர் சாக்ஸஃபோனில் வாசித்த சோலோக்களை அங்கே இசைத்தட்டிலிருந்து கேட்டு மனப்பாடம் செய்தார். குழுவிலிருந்த பியானோ, கிதார் கலைஞர்களிடம் கார்டுகளையும் கற்றார். நீங்கள் 1936-இல் பதிவான, லெஸ்டர் யங்கின் ‘லேடி பி குட்’ சோலோவை எடுத்துக்கொள்ளுங்கள். 64 பார்கள், அதாவது பாட்டு இரண்டு சுற்று. பதிவு ஜி மேஜரில் இருக்கிறது. ஆல்டோவின் சுரப் பெயர்கள் பியானோவோடு ஒத்துவராது என்பதால், ஆல்டோவில் நீங்கள் வாசிக்க வேண்டியது ஈ மேஜர், நான்கு ஷார்ப் (அரைச் சுரம் ஏற்றிய சுரம்). பியானோ ஸ்கேலிலிருந்து மூன்று அரைச் சுரம் இறக்கினால் ஆல்டோ ஸ்கேல் கிடைக்கும்.

ஒரு நாளைக்கு நான்கு பார், அதற்கு மேல் வேண்டாம். முதலில் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு, பதிவோடு சேர்ந்து பிசகில்லாமல் பாடுங்கள். பாட முடிந்த பிறகே விரலுக்கு வாருங்கள். சுருதி மாறாமல் வேகத்தைக் குறைக்கும் செயலிகள் இன்று உண்டு. பழைய இசைத்தட்டை மெதுவாகச் சுற்றினால் சுருதியும் சேர்ந்து இறங்கும், பாதி வேகத்தில் சரியாக ஒரு ஸ்தாயி. யாரோ எழுதிய நொட்டேஷனைப் பார்த்து வாசிப்பவர்களுக்குச் சுரம் சரியாக வரும், ஜாஸின் தாள அசைவான ஸ்விங் வராது. எந்தச் சுரத்தை நாக்கால் தட்டினார், எதைத் தாளத்துக்குச் சற்றுப் பின்தள்ளினார் என்பது தாளில் நிற்காது. மெட்ரோனோம் 2, 4 எண்ணிக்கைகளில் ஒலிக்கட்டும்.

பிறகு பன்னிரண்டு ஸ்கேல்கள். மனப்பாடமான நான்கு பாரை சி, எஃப், பி ஃபிளாட், ஈ ஃபிளாட், ஏ ஃபிளாட், டி ஃபிளாட், ஜி ஃபிளாட், பி, ஈ, ஏ, டி, ஜி என்ற வரிசையில் வாசியுங்கள். எளிய நான்கைந்து ஸ்கேல்களிலேயே சுற்றிக்கொண்டிருப்பதுதான் பலர் ஆண்டுக்கணக்கில் தேங்கி நிற்கக் காரணம். ‘செரோக்கீ’ என்ற பாட்டின் நடுப்பகுதியை எடுத்தால் இது புரியும். பாட்டு பி ஃபிளாட்டில் தொடங்கினாலும், அந்த இடத்தில் நான்கு நான்கு பாராக பி, ஏ, ஜி என்று ஸ்கேல் மாறுகிறது. ஆல்டோவுக்கு அவை ஏ ஃபிளாட், ஜி ஃபிளாட், ஈ.

கார்டை உள்வாங்க, அதன் அடிச்சுரத்தை 1 என்று எண்ணி வரும் 3-ஆம், 7-ஆம் சுரங்களைப் பின்தொடருங்கள். டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் என்ற நகர்வில் முதல் கார்டின் 7-ஆம் சுரமான சி, அரைச் சுரம் இறங்கி ஜி 7-இன் 3-ஆம் சுரமான பி ஆகிறது. ஜி 7-இன் எஃப் அதே போல் ஈ-க்கு இறங்குகிறது. இந்த இறக்கங்களை மட்டும் நீண்ட சுரங்களாக வாசித்தாலே, துணைக்கு யாரும் இல்லாமல் கார்டு மாறுவது காதில் கேட்கும். கர்நாடக இசைப் பயிற்சி உள்ளவர்கள் இங்கே கூடுதல் நேரம் செலவிட வேண்டும். மனோதர்மம் கைவசம் இருந்தாலும், இரண்டு பாருக்கு ஒருமுறை அடித்தளமே நகர்வது புதிய பழக்கம்.

இது கையில் நின்ற பிறகே மேல் சுரங்கள். 1939-இல் நியூயார்க் ஹார்லெமில் கிதார் கலைஞர் பிடி ஃப்ளீட்டோடு ‘செரோக்கீ’ வாசிக்கையில் பார்க்கர் கண்டடைந்தது அதைத்தான்: கார்டின் 9, 11, 13-ஆம் சுரங்களில் மெட்டை அமைப்பது. சி 7-க்கு டி, எஃப் ஷார்ப் (அரைச் சுரம் ஏற்றிய 11), ஏ மூன்றையும் வாசித்துப் பாருங்கள். ஒவ்வொன்றையும் அடுத்த கார்டின் சுரத்தில் கொண்டுபோய் இறக்குங்கள். இறக்காமல் விட்டால் தவறான சுரமாகவே ஒலிக்கும்.

முதல் ஜாமுக்கு, 12 பாரில் ஒரு சுற்று முடியும் ப்ளூஸ் பாட்டு போதும். எஃப் என்றால் ஆல்டோவில் டி. பி ஃபிளாட் என்றால் ஜி. பாட்டையும் ஸ்கேலையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு சுற்று, 24 பார் வாசியுங்கள். இடம் தவறிவிட்டால் வாயை எடுத்துவிட்டு பேஸ் வாத்தியத்தை மட்டும் கேளுங்கள். ஐந்தாவது பாரில் கார்டு மாறும்போது எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துவிடும். கடைசி நான்கு பாரில் அடுத்தவரைப் பார்த்துத் தலையசைத்து, அவருக்கு இடம் விடுங்கள்.