14 வீட்டுக்கு ஒரு லோடு குக்கீ

கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டால் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு அடுப்படி முழுக்க என் மனைவியின் ஆட்சி. அச்சு முறுக்கு, முந்திரிக்கொத்து, அதிரசம் எதிலும் நான் கை வைக்கக் கூடாது. ஒருமுறை அச்சை எண்ணெயில் காயவைக்காமல் அப்படியே மாவில் முக்கினேன். அச்சில் மாவு ஒட்டவே இல்லை. அன்றோடு எனக்கு அடுப்படியில் தடை. மிச்சம் இருந்தது மேசை மேல் இருந்த ஓவன் மட்டும்தான்.

கோவையில் படிக்கும் பேத்தி மூன்று வருடம் முன்பு தொலைபேசியில், "தாத்தா, லோடட் குக்கீ செய்வீர்களா?" என்று கேட்டாள். லோடு என்றால் எனக்குத் தெரிந்தது மணல் லாரி. சாக்லேட், பருப்பு, பழம் என்று மாவு கொள்ளுமட்டும் ஏற்றியது என்று அவள் விளக்கினாள். கொள்ளுமட்டும் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் 31 ஆண்டுகள் உதவியாளராக இருந்தவன் நான். அளவு தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது. நான் கண்டுபிடித்த அளவு இதுதான்: மாவுக் கலவையின் எடையில் பாதிக்குமேல் லோடு ஏறக் கூடாது. ஏறினால் குக்கீ உதிரும், அல்லது பரந்து ஓடும்.

ஒரு ஈடுக்கு மைதா 250 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 150, நாட்டுச்சர்க்கரை 120, சீனி 60, முட்டை ஒன்று, ஆப்பசோடா அரைத் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. மணத்துக்கு ஏலக்காய் நான்கு, சுக்குப்பொடி கால் தேக்கரண்டி, ஜாதிக்காய் துருவல் ஒரு சிட்டிகை. இது மொத்தம் ஏறக்குறைய 630 கிராம். இதன்மேல் லோடு 300: கறுப்புச் சாக்லேட் 120, வறுத்த முந்திரி 100, பேரீச்சம்பழம் 50, டூட்டி ஃப்ரூட்டி 30. உருண்டை ஒன்றுக்கு 35 கிராம் என்று நிறுத்தால் 26 குக்கீ வரும். மின்னணுத் தராசு இல்லாதவர்கள் முதலில் அதை வாங்குங்கள். கப் கணக்கில் மைதாவை அமுக்கி அளப்பவருக்கும் தளர்த்தி அளப்பவருக்கும் கப்புக்கு 30 கிராம்கூட வித்தியாசம் வரும். பிறகு செய்முறையைக் குறை சொல்லிப் பயனில்லை.

வெண்ணெயில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள். "அறை வெப்பத்துக்கு வரட்டும்" என்று குளிர் நாட்டுக்காரர்கள் எழுதிவைத்ததை நம்பி இரண்டு மணி நேரம் வெளியே வைத்தால், நம் ஊரில் அது நெய்யாகும் வழியில் பாதி தூரம் போய்விடும். மார்கழியில் 20 நிமிடம் போதும். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும். ஆனால் விரலில் எண்ணெய்ப் பளபளப்பு தெரியக் கூடாது. வீட்டில் கடைந்த வெண்ணெய் வேண்டாம். கடை வெண்ணெயில் கொழுப்பு பெரும்பாலும் 80 சதவீதத்துக்குக் குறையாது. வீட்டு வெண்ணெயில் தண்ணீர் எவ்வளவு என்பது கடைந்தவருக்கே தெரியாது. உப்பிட்ட மஞ்சள் வெண்ணெய்தான் கிடைத்தது என்றால் தனி உப்பை விட்டுவிடுங்கள்.

நாட்டுச்சர்க்கரையைச் சலித்துவிட்டு வெண்ணெய், சீனியோடு சேர்த்து மரக்கரண்டியால் மூன்று நிமிடம் குழையுங்கள். நுரைக்க அடிக்க வேண்டாம். இது கேக் இல்லை. முட்டையை உடைத்து ஊற்றிக் கலக்குங்கள். மைதா, சோடா, உப்பு, மணப்பொருள்களை ஒன்றாகச் சலித்துச் சேர்த்து, வெள்ளை மாவு கண்ணுக்குத் தெரியாத நொடியில் நிறுத்திவிடுங்கள். சப்பாத்தி மாவு பிசைந்து பழகிய கை இங்கே சும்மா இருக்காது. பிசைந்தால் குக்கீ சவ்வு போல இழுக்கும்.

இனி லோடு. முழு முந்திரிக்குக் காசு கொட்ட வேண்டாம். உடைத்த முந்திரியே நல்லது, கடித்த இடமெல்லாம் வரும். ஓவனில் 150 டிகிரியில் எட்டு நிமிடம் வறுத்து, முழுக்க ஆறிய பின்பு சேர்க்க வேண்டும். சூட்டோடு போட்டால் வெண்ணெய் உருகிவிடும். சாக்லேட்டைக் கட்டியாக வாங்கிக் கத்தியால் நறுக்குங்கள். பொடியும் சீவலும் மாவுக்குள் கோடு கோடாக ஓடும். அந்தக் கோடு எனக்குப் பிடிக்கும். டூட்டி ஃப்ரூட்டி என்பது பப்பாளிக்காயைச் சர்க்கரைப்பாகில் ஊறவைத்ததுதான். சிவப்பும் பச்சையும் பண்டிகைக்குப் பொருத்தம் என்றாலும் பிசுக்கு அதிகம், ஒரு தேக்கரண்டி மைதாவில் புரட்டிப் போடுங்கள்.

கேக்குக்கு என்று ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைத்த பழத்தில் மிச்சம் இருக்கிறதே என்று எடுக்காதீர்கள். முதல் வருடம் நான் எடுத்தேன். ஒன்பது உருண்டை வைத்த தட்டில் ஓவனிலிருந்து ஒரே ஒரு குக்கீ வந்தது, தட்டளவுக்கு. மனைவி அதை எட்டிப் பார்த்து, "அடை நன்றாக வந்திருக்கிறது, அவியலும் வைக்கட்டுமா?" என்று கேட்டாள். குற்றம் பழத்தில் இருந்த சாற்றுடையது. ஊறிய பழம்தான் வேண்டும் என்றால் பிழிந்து, துணியில் ஓர் இரவு உலர்த்திப் போடுங்கள்.

நறுக்கியதில் ஒரு கைப்பிடியைத் தனியே எடுத்துவைத்துவிட்டு மற்றதைச் சேர்த்துக் கிளறி, உருண்டை பிடித்து, மூடிய டப்பாவில் ஓர் இரவு ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெண்ணெய் இறுகும், மைதா ஈரத்தைக் குடிக்கும். அதனால் குக்கீ பரவாமல் கனமாக நிற்கும். நான் 20ஆம் தேதி உருட்டி உறைபெட்டியில் வைத்துவிட்டு 23ஆம் தேதிதான் சுடுவேன். உறைந்த உருண்டைக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகக் கொடுத்தால் போதும். வடகிழக்குப் பருவமழையில் மின்சாரம் போனால் உறைபெட்டியைத் திறக்காமல் விடுங்கள், சில மணி நேரம் தாங்கும். பாதி சுட்ட தட்டோடு மின்சாரம் போனாலோ, செபம்தான்.

ஓவனை 170 டிகிரியில் 15 நிமிடம் முன்கூட்டியே சூடாக்குங்கள். என் ஓவனின் திருகு 170 என்று காட்டும்போது உள்ளே 190 இருந்ததை ஒரு சிறு வெப்பமானி வாங்கி வைத்தபோதுதான் அறிந்தேன். அதுவரை கருகியதற்கெல்லாம் என் கையை நொந்துகொண்டிருந்தேன். பட்டர் பேப்பர் விரித்த தட்டில் ஒன்பது உருண்டை, அதற்குமேல் வேண்டாம். எடுத்துவைத்த சாக்லேட், முந்திரித் துண்டுகளில் மூன்றை ஒவ்வொன்றின் தலையிலும் அழுத்துங்கள். ஏழாவது நிமிடம் தட்டின் பின்பக்கம் முன்னால் வரும்படி திருப்பி வையுங்கள், பின்பக்கம் எப்போதும் முந்திச் சிவக்கும். மொத்தம் 13, 14 நிமிடம். ஓரம் பொன்னிறமாகி, நடு இன்னும் வேகாதது போலத் தளதளவென்று இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். கை பதறும். எடுத்துவிடுங்கள், தட்டின் சூட்டிலேயே மிச்சம் வெந்துவிடும். ஐந்து நிமிடம் தொடாமல் விட்டு, பிறகு கம்பித் தட்டுக்கு மாற்றுங்கள்.

முட்டை சாப்பிடாத எதிர்வீட்டு மாமிக்கு முதல் ஈடு. மாவு தொடும் முன்பே பாத்திரம், கரண்டி, தட்டு எல்லாம் கழுவி, முட்டை வீட்டுக்குள் இருந்தாலும் மேசைக்கு வராமல் அந்த ஈட்டை முடித்துவிடுவேன். முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர்தானே. அதற்குப் பதில் 35 மில்லி பாலும் 10 கிராம் பால் பவுடரும். இந்த மாவு அவ்வளவாகப் பரவாது, ஆகவே உருண்டையை உள்ளங்கையால் சற்று தட்டிவிட வேண்டும். சாக்லேட் உறையில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று மாமி கேட்பார். உறையையே டப்பாவில் வைத்துவிடுகிறேன்.

என் கணக்கு: தெருவில் 14 வீடு, வீட்டுக்கு ஆறு வீதம் 84. இரவு கேரல் பாட வரும் பிள்ளைகளுக்கு 30. பேத்திக்கு 12. ஆக 126. ஐந்து ஈடு போட்டால் 130, மிஞ்சும் நான்கு சுட்டவனுக்கு. இரண்டாம் வருடம் கேரல் குழு சீக்கிரம் வந்துவிடும் என்று பயந்து சூட்டோடு பொட்டலம் கட்டினேன். உள்ளே ஆவி வேர்த்து, பிள்ளைகள் பிரித்தபோது எல்லாம் ஈரத்துணி போல இருந்தது. இரண்டு மணி நேரமாவது ஆறாமல் டப்பாவின் மூடியைத் தொடாதீர்கள்.

பலகாரத் தட்டில் குக்கீயையும் முறுக்கையும் ஒட்டி வைக்கவும் கூடாது. மெத்தென்ற குக்கீயின் ஈரத்தை முறுக்கு இழுத்துக்கொண்டு நமத்துப்போகும். குக்கீயோ பூண்டு முறுக்கின் வாசனையை வாங்கிக்கொள்ளும். இதைச் சொன்ன பிறகு என் மனைவி குக்கீயைத் தனி டப்பாவில்தான் வைக்கிறாள், முறுக்கைக் காப்பாற்ற. மணப்பாடு ஊரில் முடையும் பனை ஓலைப்பெட்டியில் பட்டர் பேப்பர் விரித்துக் கொடுத்தால் பார்க்க அழகு. ஆனால் ஓலைப்பெட்டிக்குள் காற்று புகும், கொடுக்கும் நாளில் மட்டும் அதற்கு மாற்றுங்கள். இருப்பு வைக்க மூடி இறுகிய டப்பாதான். நான்கைந்து நாள் நன்றாக இருக்கும். கோவைக்குக் கூரியரில் அனுப்பும் 12ஐ இரண்டிரண்டாக அடிப்பக்கம் சேர்த்துச் சுற்றி, இடைவெளியில் கசக்கிய தாளைத் திணித்து, டப்பாவைக் குலுக்கிப் பார்ப்பேன். சத்தம் வந்தால் இன்னும் தாள் வேண்டும்.

ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு சீட்டு: கோதுமை, பால், முந்திரி, முட்டை உண்டு அல்லது இல்லை. முந்திரி ஒத்துக்கொள்ளாத பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

டப்பாவின் அடியில் உங்கள் வீட்டு எண்ணை அழியாத பேனாவால் எழுதிவிடுங்கள். வெறும் டப்பாவைத் திருப்பித் தரக் கூடாது என்று பொங்கல்வரை வைத்திருந்து, உள்ளே எதையாவது போட்டுத் தருவார்கள். அதற்குள் யாருடையது என்று மறந்துவிடும். போன வருடம் போன 14இல் 13 திரும்பிவிட்டது. மற்றது எந்த வீட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதில் இப்போது அவர்கள் உளுத்தம்பருப்பு வைத்திருக்கிறார்கள்.