சுங்கை பூலோவுக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குப் போகிறோம். நடைபாதையில் ஏறியதும் "அய்யே, என்ன நாற்றம்!" என்று மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். பிள்ளையும் பொத்திக்கொள்கிறது. சதுப்புநிலம் என்றால் சாக்கடை என்று அதன் மனதில் பதிந்துவிடுகிறது. மற்றத் தவறுகளைவிட இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

அது சாக்கடை வாடை இல்லை. சேற்றுக்குள் காற்று புகாது. காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிரிகள் உதிர்ந்த இலைகளை மட்க வைக்கும்போது கந்தகம் கலந்த வாயு கிளம்புகிறது. மெதுவாக மட்குவதால், இலையில் இருந்த கரிமத்தில் (கார்பன்) நல்ல பங்கு சேற்றிலேயே தங்கிவிடுகிறது. வேர்களுக்கும் அங்கே மூச்சு முட்டும். அதனால்தான் உப்புநீர்ச் சேற்றில் வளரும் கண்டல் மரங்களில் சில பென்சிலை நட்டு வைத்ததுபோல் மூச்சுவேர்களை மேலே நீட்டுகின்றன. குனிந்து பாருங்கள். அந்த வேர்களுக்கு நடுவே சேற்றுத்தாவி மீன் துடுப்பை ஊன்றி ஊன்றி நகரும். விரல் நகமளவு நண்டு ஒன்று ஒற்றைப் பெரிய கொடுக்கை ஆட்டிக்கொண்டிருக்கும்.

மரமில்லாத சேற்றுவெளியை வெறும் இடம் என்று நினைக்க வேண்டாம். செப்டம்பர் முதல் மார்ச் வரை, பவளக்காலி போன்ற வலசைப் பறவைகளுக்கு மண்டாய் சேற்றுவெளிதான் சாப்பாட்டு மேசை. நல்ல மனதோடு அங்கே கன்று நட்டாலும் அவற்றுக்குக் கெடுதல்தான். வேர் அடைத்துக்கொண்டால் அலகை எங்கே நுழைப்பது?

சுங்கை பூலோ முன்பு இறால், மீன் குட்டைகளாக இருந்த இடம். 1986இல் இயற்கை ஆர்வலர்கள் அங்கே பறவைகளைக் கண்டு குரல் கொடுத்தார்கள். 1993இல் பூங்காவானது, 2002இல் இயற்கைக் காப்பகமானது. புலாவ் உபின் தீவின் செக் ஜாவா கரையோரத்தை 2001இல் மண் கொட்டித் தூர்க்கவிருந்தார்கள். நீர் வற்றிய நேரத்தில் மக்கள் திரண்டு போய்ப் பார்த்தார்கள், பேசினார்கள், வேலை ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைப்புதான் அது. நாளைக்கு அந்தப் பேச்சு மறுபடி வந்தால், பேச வேண்டியவர்கள் இன்று நம் கையைப் பிடித்து நடக்கும் பிள்ளைகள்.

அங்குள்ள காட்டு விலங்குகளுக்கு ரொட்டி, பிஸ்கட் போடாதீர்கள். 2020 முதல் அது சட்டப்படி குற்றம்.

அப்புறம், நம்மவர்களிடம் ஒரு வேண்டுகோள். பூசை முடிந்த மாலையைப் பையோடு கடலில் விடாதீர்கள். பாசிர் ரிஸ் பூங்காவின் கண்டல் காட்டில், மூச்சுவேர்களில் சுற்றிக் கிடந்த ஒரு சரிகைத் துணியைப் பார்த்தேன். பூ மட்கிவிடும், சரிகையும் நைலான் கயிறும் மட்காது. பூவை உதிர்த்துத் தொட்டிச்செடிக்குப் போடுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

போகும்முன் கடல்நீர் ஏறும், வற்றும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வற்றும்போது போனால் சேற்றுத்தாவியும் நண்டும் தெரியும். நீர் ஏறி வெளியே சேறு மூழ்கியதும், பறவைகள் சுங்கை பூலோ குட்டைகளில் வந்து ஒதுங்கும்.